பனிமலையில் விருந்தாளி யார்?

மார்கழி பிறந்துவிட்டால் நமது பத்திரிகைகளுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் மலையகத்தின்மேல் திடீர்க் காதல் பிறந்துவிடுகிறது. பனிமலையில் இரண்டு நாள் தங்கிவரும் இன்பத்தைப் பக்கம் பக்கமாக வருணிக்கிறார்கள். படத்தில் மூடுபனி இருக்கும். சரிவெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை இருக்கும். ஓரத்தில் கூடை சுமந்த ஒரு பெண் இருப்பாள். அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பெயர் இராது, ஊர் இராது, குளிர்கூட இராது. இந்தப் படத்தோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. அதை வாசகர் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு சிறிய பொய்யைத் தீர்த்துவிடுவோம். இலங்கையில் வெண்பனி பொழிவதில்லை. நத்தார் வாழ்த்து மடல்களில் காணும் பனி மூடிய கூரைகளும், கொழும்புக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னே பஞ்சினால் சமைக்கப்படும் பனிக்குவியல்களும் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சரக்குகள். நமது மலைகளில் உள்ளவை மூடுபனி, ஈரக்காற்று, நாட்கணக்கில் விடாத தூறல் ஆகியவையே. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில் மட்டும் நிலத்தில் உறைபனி படிவதுண்டு. விடியலில் புல்மேல் வெள்ளை பூத்தாற்போலிருக்கும் அக்காட்சியைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். வெயில் ஏறியதும் அந்த வெள்ளைப் பூச்சு செய்யும் வேலையைப் பார்க்க எவரும் காத்திருப்பதில்லை. அது இளங்கொழுந்தைக் கருக்கிவிடுகிறது. கொழுந்து கருகினால் கூடையில் எடை குறைகிறது. எடை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிறது. அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். ஒருவருடைய புகைப்படம் இன்னொருவருடைய பாதிக் கூலி!

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் பலவற்றுக்கும் நின்று உதவுகிறது. அந்த வசதியைக் கொண்டு நமது கவிஞர்கள் சிலர் கைலாயத்தையும் கண்டி மலையையும் ஒரே மூச்சில் பாடிவிடுகிறார்கள். அதையும் மன்னிக்கலாம். ஆனால் பனியைப் பாடுகிறவர்கள், அந்தப் பனிக்குள் நின்று காலை ஏழு மணிக்குப் பிரட்டுக் களத்தில் பேர் கொடுப்பவர்களைப் பாடாமல் விடுவதை எப்படி மன்னிப்பது?

பொதுப்படையாகப் பேசுவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. தெல்தோட்டையை எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து பேராதனைக்கு வந்து, கலஹா சந்தியில் திரும்பி, கலஹா வழியாக மலையேறினால் தெல்தோட்டை. நாலாபுறமும் தோட்டங்கள், நடுவில் ஒரு சிறு பட்டினம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தோளோடு தோள் உராய்ந்து நடக்கும் கடைத்தெரு. அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரை நமக்குத் தந்த மண். நுவரெலியாவைப் போல் பகட்டான ஊரன்று. ஆயினும் வார இறுதி யாத்திரிகர்கள் இப்பக்கமும் வருகிறார்கள். காரணம், அப்பால் ஹேவாஹெட்டை மலைகளில் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அங்கேதான். இலங்கையின் தேயிலைத் தொழில் அந்த 19 ஏக்கரிலிருந்து பிறந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும்.

டெய்லர் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லாசனம் இன்றும் உண்டு. வந்தவர்கள் அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கண்டி மஹையாவை மயானத்தில் அவருடைய கல்லறையும் உண்டு. டெய்லர்மேல் நமக்குப் பகையில்லை. நாற்பது ஆண்டுக் காலம் ஒரே தோட்டத்தில் உழைத்த அவரையும் முதலாளிகள் 1892-இல் வெளியேறச் சொன்னார்கள். அந்த ஆண்டே அவர் மாண்டார். அவரும் ஒரு சம்பளக்காரரே. ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்த 19 ஏக்கர்க் காட்டை வெட்டியவன் பெயர் என்ன? குழி தோண்டியவள் பெயர் என்ன? அவர்கள் உட்கார்ந்த கல் எது? அவர்களைப் புதைத்த இடத்தில் நட்ட கல் எங்கே? ஒரு மனிதனுக்கு ஆசனமும் கல்லறையும் இருக்க, ஆயிரக்கணக்கான மனிதருக்கு ஒரு நடுகல்கூட இல்லாத சரித்திரத்தை நாம் சரித்திரம் என்று ஒப்புக்கொள்ளலாகாது.

உறவினரைக் காண மலைக்குப் போவதும் மலையிலிருந்து ஊர் திரும்புவதும் இம்மக்களின் வாழ்வில் என்னவாக இருந்தன என்பதைக் கவனியுங்கள். காப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பருவகாலத் தொழிலாளர். பழம் பறிக்கும் பருவத்திற்கு வந்து, பருவம் முடிந்ததும் மிஞ்சிய காசோடு திரும்பினார்கள். வடக்குப் பாதையில் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்தவர்களில் பலர் கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டார்கள். எனினும் தப்பியவனுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. வாசலில் காத்திருக்கும் தாய் இருந்தாள். 1869 முதல் இலைநோய் பரவிக் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவமில்லை. அது ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். பெண்களின் விரல்கள் வேண்டும். ஆகவே குடும்பமே வேண்டும். காப்பி தன் கூலிக்கு ஊர் திரும்பும் உரிமையை விட்டுவைத்தது; தேயிலை அதையும் எடுத்துக்கொண்டது. லயங்கள் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் மூன்று தலைமுறை!

அந்தக் காம்பராவுக்கு ஓர் உறவினர் வருவதென்றால்? இங்கேதான் நமது வழக்கின் மையம் இருக்கிறது. தோட்டம் துரையின் தனிச்சொத்து. லயமும் அவருடைய சொத்து. வெளியார் எவரும் அனுமதியின்றி அடியெடுத்து வைத்தால் அத்துமீறல் சட்டம் பாயும். கோ. நடேசய்யர் தோட்ட மக்களின் நிலையைக் கண்ணால் காணத் துணி வியாபாரி வேடம் பூண்டு உள்ளே நுழைய வேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம். தன் வீட்டுக்கு வரும் மனிதனைத் தானே வரவேற்க உரிமையில்லாதவனுக்கு வீடு என்று ஒன்று உண்டா? விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மொழி பேசும் மக்கள், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விருந்தினரைத் துரையின் அனுமதியோடு ஏற்க வேண்டியவர்களாக வாழ்ந்தார்கள்.

இதே ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ள முல்லோயா தோட்டத்தில் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். 1940 ஜனவரி 10-ஆம் தேதி பொலீசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டான். தோட்டத் தொழிற்சங்க இயக்கத்தின் முதல் தியாகி என்று தொழிலாளர் அவனை நினைவுகூர்கிறார்கள். அதுவும் ஒரு மார்கழிக் குளிர்காலந்தான். பனியின் அழகைப் பாடவரும் நண்பர்கள் அந்தப் பனியில் சிந்திய இரத்தத்தையும் ஒரு வரியில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அதன் பின்னர் நடந்தது இன்னும் பெரிய கொடுமை. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று கணக்கு எழுதினார்கள். பிறகு பேசி, 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மந்தையைப் பங்கிடுவதற்குக்கூட மேய்ப்பனைக் கேட்பார்கள். இந்த மக்களை எவரும் கேட்கவில்லை. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. மணமான மகள் இங்கே, பெற்றவர்கள் அங்கே. தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டார்கள். எந்த இலக்கியகர்த்தாவும் அதைவிடப் பொருத்தமான பெயரைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

போனவர்களில் கணிசமானோர் எங்கே குடியேறினார்கள்? நீலகிரியில். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று மறுபடியும் மலை, மறுபடியும் தேயிலை, மறுபடியும் மார்கழிக் குளிர். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கும் குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டதே. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்க்கு அடுத்து எங்கே போவது என்ற கேள்வி. ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இரு மலைகளில் ஒரே குளிரில் நடுங்குகின்றன. முன்பு கப்பலேறி ஒருவரையொருவர் பார்த்துவர வழியிருந்தது. தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் எண்பதுகளில் போரினால் நின்றுபோயிற்று. பெரும் பணக்காரன் வார இறுதிக்கு உலகத்தின் எந்த மலைக்கும் பறந்துவிடலாம். தெல்தோட்டைத் தம்பி கோத்தகிரி அண்ணனைப் பார்க்கக் கடவுச்சீட்டு, விசா, விமானக் கட்டணம் என்று எத்தனை மலைகளை ஏற வேண்டும்!

இன்று தெல்தோட்டைக்கு வார இறுதியில் வருகிறவர்களில் யாத்திரிகர் சிலர், பிள்ளைகள் பலர். கொழும்பின் கடைகளிலும் ஹோட்டல்களிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், பிறர் வீடுகளின் சமையலறைகளிலும் உழைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் அவர்கள். வெள்ளியிரவு கோட்டையில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, நள்ளிரவுக்குப் பின் லயத்தை அடைகிறார்கள். கையில் தாய்க்கு ஒரு கம்பளிச் சட்டை. சனிக்கிழமை விடிந்தால் தாய் வீட்டில் இல்லை; படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. மகன் வந்த மகிழ்ச்சிக்காக ஒரு நாள் சம்பளத்தை விட முடியுமா? மாலையில் நனைந்து திரும்புகிறாள். அடுப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து சாயத் தேத்தண்ணி குடிக்கிறார்கள். நல்ல தூள் கப்பலேறிப் போக, தோட்டத்தில் கிடைத்த தூள் அது. இரவில் காம்பராவில் இடம் போதாமல் இளைஞன் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுக்கிறான். ஞாயிறு பிற்பகல் அவன் கொழும்பு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். மலையில் குடும்பத்தோடு கழித்த வார இறுதி என்றால் உண்மையில் இதுதான். இதை ஏன் எந்தப் பயணக் கட்டுரையும் எழுதுவதில்லை?

நமக்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. அவர்களின் வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"அழகை அழகாகவே ரசிக்கக் கூடாதா? எதற்கெடுத்தாலும் வறுமையையும் சுரண்டலையும் இழுத்துவர வேண்டுமா?" என்கிறார்கள் முதல் வகையினர். தாராளமாக ரசியுங்கள். அழகை நாம் மறுக்கவில்லை. மலையக மக்களும் மறுக்கவில்லை. அவர்களுடைய நாட்டுப் பாடல்களில் மலையும் மழையும் கொழுந்தும் காதலும் ததும்புகின்றன. பனி விலகி முதல் வெயில் சரிவில் விழும்போது கூடைக்காரி ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறாள். அவளுக்கும் கண் உண்டு. நாம் மறுப்பது அழகிலிருந்து அவளை வெட்டி எறிவதை, அல்லது அவளையும் ஒரு செடியாக்கி அழகுக்குள் நட்டுவிடுவதை. கோகிலம் சுப்பையா தம் நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டார். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்குப் பச்சை மட்டுமே தெரியும் என்ற உண்மையை அந்த இரண்டு சொற்களே சொல்லிவிடுகின்றன. கிட்டே வந்து பார்க்கச் சொல்வது கலைக்கு விரோதமா? அதுதானே கலையின் வேலை!

"உல்லாசப் பயணிகள் வந்தால் பணம் வருகிறது, உங்கள் மக்களுக்கும் பிழைப்பு வருகிறது" என்கிறார்கள் இரண்டாம் வகையினர். வரட்டும். ஆனால் வந்த பணம் எங்கே இறங்குகிறது என்று கேட்க வேண்டாமா? துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று விடுதிகள். ஓர் இரவுக்கு அங்கு வாங்கும் வாடகை கொழுந்து பறிக்கும் பெண்ணின் எத்தனை நாட் கூலி என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2021-இல் நாட் சம்பளம் ஆயிரம் ரூபாவாகும்வரை இம்மக்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. அந்த ஆயிரத்தையும் அடுத்த ஆண்டின் விலைவாசி விழுங்கிவிட்டது. இன்னொன்றும் உண்டு. தோட்டக் காணிகள் 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. காணி குத்தகைக்குத்தான் போயிற்று. ஆக, இது பொதுமக்களின் காணி. அந்தக் காணியில் விருந்தினருக்கு விடுதி அமைக்க இடம் இருக்கிறது. வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக உழைக்கும் குடும்பம் கோழி வளர்க்கவும் கொத்தமல்லி விதைக்கவும் சொந்தமாக ஒரு துண்டு மட்டும் இல்லையா?

"லயங்கள் மறைந்து வருகின்றன, வீடுகள் கட்டப்படுகின்றன" என்பது மூன்றாம் வாதம். இதில் உண்மை உண்டு, நாம் மறைக்கமாட்டோம். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கை வந்தது. இந்திய உதவியில் முதலில் நாலாயிரம் வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த பத்தாயிரம் வீடுகளும் சேர்ந்து பதினாலாயிரம் என்றார்கள். ஆனால் மலையகத்தின் தேவைக்கு முன் இது கடலில் கரைத்த உப்பு. வீடு கிடைத்தும் காணி உறுதி முழுமையாகக் கைக்கு வராத குடும்பங்கள் பல. உறுதி இல்லாத வீடு சுண்ணாம்பு பூசிய லயமே. அதில் குடியிருப்பவன் இன்னமும் பிறருடைய தயவில் இருப்பவனே.

இடம் பற்றிய இக்கேள்வி ஏட்டளவிலான கேள்வியன்று, உயிர்க் கேள்வி. பங்களா உறுதியான மேட்டில் நிற்கும்; லயம் சரிவிலும் பள்ளத்திலும் கிடக்கும். 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தவர்கள் போய் இருக்க வேறு இடம் கொடுத்தார்களா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டம் மிகக் கொடிய அழிவைக் கண்ட மாவட்டங்களுள் ஒன்று. "இவர்கள் ஏன் ஆபத்தான சரிவில் இருக்கிறார்கள்?" என்று நகரத்துக் கனவான்கள் அப்போதும் கேட்டார்கள். இருக்கச் சொன்ன இடத்தில் இருக்கிறார்கள் ஐயா! வேறு இடத்தில் இருக்க அவர்களுக்கு எப்போது உரிமை இருந்தது?

2023-இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் நடந்த பாதையில் மக்கள் நடந்தார்கள். விழாக்கள் நடந்தன, சொற்பொழிவுகள் நடந்தன. இருநூறு ஆண்டு ஒரு மண்ணில் உழைத்தவனை அந்த மண்ணின் விருந்தாளியாகவே இன்னமும் நடத்துகிறோம். இரண்டு நாள் தங்க வந்தவனை வீட்டுக்காரனாக நடத்துகிறோம். இந்தத் தலைகீழ் நியாயத்தை நிமிர்த்தி வைப்பதே இன்றைய தேவை.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் பாதுகாப்பான இடத்தில் காணி வேண்டும். அதன் உறுதி, உழைக்கும் பெண்ணின் பெயரிலும் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் விலாசமும் வேண்டும். தோட்டக் கந்தோரின் மூலையில் கடிதம் கிடந்து, நேர்முகப் பரீட்சைத் தேதி கழிந்தபின் பிள்ளையின் கைக்கு வரும் அநியாயம் ஒழிய வேண்டும். உறைபனியிலும் மழையிலும் கொழுந்து குறைந்த நாளுக்கு அரைப்பேர் போடும் வழக்கம் நிற்க வேண்டும். வானத்தின் குற்றத்துக்குக் கூலியைத் தண்டிப்பது எந்தத் தர்மம்? கொழுந்து மலைகளில் பெண்களுக்கு ஒதுங்க ஒரு கழிப்பிடமும், மழைக்கு நிற்க ஒரு கூரையும் வேண்டும். இவை சலுகைகளல்ல, என்றோ தீர்த்திருக்க வேண்டிய கடன்.

எழுத்தாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சி.வி. வேலுப்பிள்ளையும், என்.எஸ்.எம். ராமையாவும், தெளிவத்தை ஜோசப்பும் பனிக்குள் இருந்த மனிதரை நமக்குக் காட்டிச் சென்றார்கள். அந்தப் பாதையை விட்டு விளம்பரக்காரனின் பின்னால் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மலைக்குப் போங்கள், நாலு நாள் தங்குங்கள், ஆனால் பங்களாவின் கணப்படுப்பருகே உட்கார்ந்து மட்டும் மலையைப் பார்க்காதீர்கள். பிரட்டுக் களத்தில் நில்லுங்கள். கொழுந்து நிறுக்கும் தராசைப் பாருங்கள். எடையில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு எழுதுங்கள்.

தன் காணியில், தன் பெயர் எழுதிய வாசலில் நின்று, "வாங்க, உள்ளே வாங்க" என்று ஒரு தோட்டத் தொழிலாளி எவர் அனுமதியுமின்றித் தன் விருந்தாளியை அழைக்கும் நாள் வரட்டும். அன்று மலையின் அழகை நாமும் அவர்களோடு சேர்ந்து வாயாரப் பாடுவோம். அதுவரை அழகைப் பற்றிய பாட்டைவிட நியாயத்தைப் பற்றிய வழக்கே நமக்கு முக்கியம்.